சிறுவர் பணிக்குத் தொண்டரைத் தெரிந்தெடுத்தல்

ஞாயிற்றுக்கிழமை காலையில், டில்லியிலுள்ள திருச்சபைகளில் பெரியோர் வழிபாட்டில் இருக்க, சிறுவர்கள் வேறோர் அறையில் பாடமும் பாட்டும் கற்கிறார்கள். கற்பிப்போர் பெரும்பாலும் ஊதியம் பெறுவோர் அல்லர். வாரம் முழுதும் அலுவலகத்தில் உழைத்து, ஓய்வு நாளையும் பிறர் பிள்ளைகளுக்காக ஈபவர்கள். ஞாயிறு பள்ளி, மறைக்கல்வி வகுப்பு, பாடகர் குழு, கோடை விடுமுறைப் பள்ளி ஆகிய யாவும் இத்தகைய தொண்டர்களாலேயே நடைபெறுகின்றன. அவர்களுக்கு நன்றி பாராட்டுவது நம் கடமை. நம் குழந்தையை ஒருவரிடம் ஒப்படைக்குமுன் அவரை நன்கு அறிந்துகொள்வதும் நம் கடமையே. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

சொந்த ஊரில் ஒருவரைப் பற்றி விசாரிக்கத் தேவையில்லை என்று எண்ணுகிறோம்; தெருவே அவரை அறியும். குடியேறிய நகரத்தில் அந்த வசதி இல்லை. மாற்றலில் வருவோரும் போவோருமாக நம் கூட்டம் ஆண்டுதோறும் மாறுகிறது. பிற மொழிகளின் நடுவே தமிழ் பேசும் ஒருவரைக் கண்டதும் உள்ளம் மகிழ்கிறது. ‘நம்மவர்’ என்ற ஒரு சொல்லே நற்சான்றாகி விடுகிறது. அவரைக் கடந்த மூன்று மாதங்களாக மட்டுமே அறிவோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

இந்த மறதி எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. டில்லி உள்ளிட்ட 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் அது விசாரித்தது. அவர்களுள் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறினர். தொல்லை தந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அல்லது நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருந்தவர்கள். குழந்தைகளில் பெரும்பாலோர் நடந்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை.

‘போக்சோ’ என வழங்கும் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பாத அனைவரும் இச்சட்டப்படி குழந்தைகளே. சமய நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்குள்ள குழந்தைக்குத் தீங்கு இழைத்தால், அதனைச் சாதாரணக் குற்றத்தினும் கொடியதாகக் கருதி மிகுதியான தண்டனையைச் சட்டம் விதிக்கிறது. 2020 மார்ச் 9 முதல் நடப்பிலுள்ள விதிகள், குழந்தைகளோடு வழக்கமாகத் தொடர்புள்ள நிறுவனங்கள் தம் ஊழியரைக் காவல்துறை வாயிலாகக் குறித்த காலந்தோறும் சரிபார்க்கவும், அவர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் வேண்டும் என்கின்றன.

இங்கே ஓர் இடைவெளி உண்டு. விதி பேசுவது ஊழியரைப் பற்றி. ஊதியமின்றி வரும் தொண்டரை அது பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. குழந்தையின் பக்கத்தில் அமர்பவர் சம்பளம் வாங்குகிறாரா என்பது குழந்தைக்குத் தெரியாது. ஆபத்தும் அதைப் பார்த்து வருவதில்லை. ஆகவே சட்டம் ஊழியருக்குச் சொன்னதைத் திருச்சபை தொண்டருக்கும் தானே விதித்துக்கொள்ள வேண்டும்.

அதற்கான வழி எளியது. முதலாவது, விண்ணப்பம் எழுத்தில் இருக்க வேண்டும். முன்பு வாழ்ந்த ஊர், பணியாற்றிய சபை ஆகியவற்றை அதில் கேட்க வேண்டும். இரண்டாவது, உறவினர் அல்லாத இருவரின் பரிந்துரை பெற்று, அவர்களோடு நேரிலோ தொலைபேசியிலோ பேச வேண்டும். பழைய சபையின் குருவானவரிடமோ பங்குத்தந்தையிடமோ, ‘இவரிடம் மீண்டும் சிறுவர்களை ஒப்படைப்பீர்களா?’ என்று நேராகக் கேட்பது நன்று. மூன்றாவது, காவல்துறையின் நன்னடத்தைச் சான்று பெற வேண்டும். பாலியல் குற்றவாளிகளைப் பற்றிய தேசியத் தகவல் தொகுப்பு 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பட்டது. ஆனால் அதைக் காவல்துறையும் புலனாய்வு அமைப்புகளுமே காண இயலும். நான்காவது, புதிதாக வந்தவர் ஆறு மாதமேனும் சபையில் பழகிய பின்னரே சிறுவர் பணி தர வேண்டும். நன்மை கருதி வருபவர் காத்திருக்கத் தயங்கமாட்டார்.

சான்றிதழ் முழுக்காவல் அன்று. பதிவான குற்றத்தையே அது காட்டும். ஒருபோதும் அகப்படாதவனைக் காட்டாது. அதனால் பணியிடத்துக்கு நடைமுறை விதிகள் தேவை. எந்த வகுப்பிலும் பெரியவர் இருவர் இருத்தல் வேண்டும். கதவு திறந்திருத்தல் வேண்டும். ஒரு குழந்தையைத் தனியே வண்டியில் ஏற்றிச் செல்லுதல், பெற்றோர் அறியாமல் பரிசு கொடுத்தல், இரவில் கைப்பேசியில் செய்தி அனுப்புதல் ஆகியவை கூடா. இவ்விதிகள் நல்ல தொண்டரை வீண் பழியினின்றும் காக்கின்றன.

பயிற்சியின் உயிர்நாடி, குழந்தை வாய் திறக்கும் அந்த வேளையில் என்ன செய்வது என்பதே. பதறாமல் கேட்க வேண்டும். குறுக்குக் கேள்வி கேட்டு விசாரணை நடத்தக் கூடாது. ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்களிக்கவும் கூடாது. ‘நீ சொன்னது நல்லது, உன்மேல் தவறில்லை’ என்று தேற்ற வேண்டும். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதி வைக்க வேண்டும். பிறகு காவல்துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். சட்டத்தின் 19ஆம் பிரிவு இக்கடமையை எல்லோர்மீதும் சுமத்துகிறது. தொண்டரும் அதில் அடங்குவர். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். தமக்குக் கீழுள்ளவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர்மீது வழக்கு வராது. 1098 என்ற எண்ணை இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், குழந்தையே அழைக்கலாம்.

காவல் நிலையம் என்றாலே அஞ்சும் பெற்றோர் ஒன்றை அறிய வேண்டும். குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் பெற வேண்டும். பெறும் அதிகாரி இயன்றவரை பெண்ணாக இருத்தல் வேண்டும். சீருடை அணிந்திருக்கக் கூடாது. குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் நிறுத்தி வைக்கவும் கூடாது.

‘சபையின் பெயர் கெட்டுவிடுமே, உள்ளுக்குள் பேசி முடிக்கலாம்’ என்போர் இன்றும் உளர். டில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, இத்தகைய புகார்களைக் கையாளும் நெறிமுறைகளை 2015இல் வகுத்தது. 2019இல் போப் பிரான்சிஸ், புகாரை மேலிடத்துக்குத் தெரிவிப்பதை உலகெங்குமுள்ள குருக்கள், துறவியர் அனைவருக்கும் கட்டாயமாக்கினார். மறைப்பதால் பெயர் நிலைக்காது என்பதைத் திருச்சபைகளே உணர்ந்தமைக்கு இவை சான்று.

இது கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் வகுப்பு நடத்தும் சங்கம், பாட்டும் பரதமும் கற்பிக்கும் இல்லம், பஜனை மண்டலி, விளையாட்டுக் கழகம் என நம் பிள்ளைகள் கூடும் இடம் எதுவாயினும் இந்நெறி பொருந்தும். அடுத்த முறை பிள்ளையை அனுப்பும்போது, ‘தொண்டர்களை எவ்வாறு தெரிந்தெடுக்கிறீர்கள்?’ என்று பொறுப்பாளரிடம் கேட்போம். நன்கு நடைபெறும் இடத்தில் அக்கேள்விக்கு விடை ஆயத்தமாக இருக்கும்; விடை இல்லாத இடத்தில், அந்தக் கேள்வியே முதற் சீர்திருத்தமாகும்.