தொலைக்காட்சித் தொடர்களும் குடும்ப இரகசியமும்

கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள சேந்தமங்கலம் என் ஊர். இரவு உணவு வேளையில் இவ்வூரின் எந்தத் தெருவில் நடந்தாலும், வீட்டுக்கு வீடு ஒரே கதையின் உரையாடல் காதில் விழுந்த காலம் ஒன்று இருந்தது. தெருவின் ஒரு கோடியில் ஒருத்தி கேட்ட கேள்விக்கு மறு கோடியில் விடை கேட்கலாம். சன் தொலைக்காட்சியில் 2003ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை நடைபெற்ற ‘கோலங்கள்’ என்னும் தொடரே அது. அக்காலத்தில் நான் தலைமையாசிரியர். பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் பொழுதுபோக்கு என்று அதனைப் பலமுறை கண்டித்துப் பேசியவன். இன்று அத்தகைய தொடர்களைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன் என்றால், என் எண்ணம் ஓரளவு மாறியிருக்கிறது என்பது பொருள்.

இத்தகைய தொடர்கள் பிறந்தது வானொலியில்தான் என்பதை வானொலி நேயர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இர்னா பிலிப்ஸ் என்னும் பெண்மணி, இல்லத்தரசிகளுக்காக நாள்தோறும் ஒலிபரப்பாகும் குடும்பக் கதையை எழுதத் தொடங்கினார். சவர்க்காரம் செய்யும் நிறுவனங்கள் இத்தகைய கதைகளுக்குப் பொருளுதவி செய்தமையால் ‘சோப் நாடகம்’ என்ற பெயர் ஏற்பட்டது. அவ்வம்மையார் உருவாக்கிய ‘கைடிங் லைட்’ என்னும் தொடர், 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்குச் சென்று, 2009 வரை நடைபெற்றது. நம் நாட்டில் 1984ஆம் ஆண்டில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ‘ஹம் லோக்’ என்னும் இந்தித் தொடர் இவ்வழியைத் திறந்து வைத்தது. ஒவ்வொரு நாள் கதையின் முடிவிலும் நடிகர் அசோக்குமார் தோன்றி, குடும்பத்துப் பெரியவரைப் போல இரண்டொரு சொற்கள் கூறிச் செல்வார்.

இக்கதைகள் ஆண்டுக்கணக்காக நீளுகின்றனவே, அதன் மருமம் யாது? விடை எளியது. இவை நிகழ்ச்சிகளால் நீளவில்லை, இரகசியத்தால் நீளுகின்றன.

ஆசிரியன் ஆதலால் ஒரு சிறு கணக்குச் சொல்லி விளக்குகிறேன். ஒரு வீட்டில் ஐவர் இருப்பதாகக் கொள்வோம். அவர்களுக்குள் இருவர் இருவராக அமையும் உறவுகள் பத்து. மருமகன் ஒருவர் வந்து சேர்ந்தால் அவை பதினைந்தாகும். இப்பொழுது அவ்வீட்டில் ஒரு மறைபொருள் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. தெரிந்தவருக்கும், இன்னாருக்குத் தெரியும் என்பது தெரியாது. தாய்க்குத் தெரிந்தது ஒரு நாள். மூத்த மகளுக்குத் தெரிந்தது மற்றொரு நாள். ஒவ்வொருவர் அறியும்பொழுதும் பதினைந்து உறவுகளில் சில முறிகின்றன, சில இறுகுகின்றன. ஆகவே இரகசியம் ஒன்றேயாயினும் கதைகள் பல. ‘கோலங்கள்’ 1,500 நாள்களுக்கு மேல் நடந்ததற்குக் காரணம் இதுவே.

அக்கதையின் அமைப்பைச் சற்று நோக்குவோம். தேவயானி நடித்த அபி, குடும்பப் பாரத்தைத் தன் தோளில் தாங்கும் மூத்த மகள். அவளுடைய தந்தை அக்குடும்பத்தைவிட்டு நீங்கி வேறொரு குடும்பம் கண்டவர். அந்த மற்றொரு குடும்பத்தில் பிறந்தவன் ஆதித்யா. கட்டடத் தொழிலில் முன்னேற முயலும் அபிக்குப் பெரும்பகைவனாக வந்து நிற்பவன் அவனே. இயக்குநர் திருச்செல்வம் தாமே ஏற்று நடித்த தொல்காப்பியன், இரத்த உறவு ஏதுமின்றி அபிக்கு உறுதுணையாக நிற்கிறான். உடன்பிறந்தவன் பகைவன், பிறன் ஒருவன் துணைவன். இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்தியதே அக்கதையின் வலிமை.

இது புதிய உத்தி அன்று. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் விடிய விடிய ஆடப்படும் ‘கர்ண மோட்சம்’ இதே அமைப்பினை உடையது. குந்தியின் மூத்த மகன் கர்ணன் என்பது கூத்துப் பார்க்கும் சிறுவனுக்கும் தெரியும். எதிரே வில்லேந்தி நிற்கும் அருச்சுனனுக்குத் தெரியாது. பார்ப்பவர் அறிந்ததைக் கதைமாந்தர் அறியாதிருக்கும்பொழுது, நாம் கதையின் வெளியே நிற்க மாட்டோம். ‘அடே, அவன் உன் அண்ணனடா’ என்று கூவத் தோன்றும். திண்ணையில் அமர்ந்து கர்ணனுக்காக அழுத அதே பாட்டிமார்தாம், பின்னாளில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து அபிக்காக அழுதனர்.

நம் உறவுச் சொற்களும் இதற்குத் துணைசெய்கின்றன. ‘சித்தி’ என்னும் ஒரு சொல் தாயின் தங்கையையும் குறிக்கும். தந்தையின் இளைய தாரத்தையும் குறிக்கும். 1999ஆம் ஆண்டில் தொடங்கிய ராதிகாவின் தொடர் அச்சொல்லையே பெயராகக் கொண்டது. அன்பும் ஐயமும் ஒரு சொல்லில் சேர்ந்திருப்பதை நம் மக்கள் விளக்காமலே உணர்ந்தனர். ஆனால் தந்தை ஒருவராய்த் தாய் வேறாய்ப் பிறந்த இருவர், ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளத் தனிச்சொல் நம்மிடம் புழக்கத்தில் இல்லை. அண்ணன் என்றால் அண்ணன், இல்லையெனில் அயலான். இடைப்பட்ட நிலைக்குச் சொல் இல்லை. இதனை நான் நூலில் படித்து அறியவில்லை. என் பள்ளியில் அறிந்தேன்.

அத்தொடர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளுள் ஒன்று. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்ப வேண்டிய சமயம். தந்தை பெயர், முன்னெழுத்து ஆகியவற்றைச் சேர்க்கைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப் பெற்றோரை வரவழைத்திருந்தேன். ஓர் அம்மையார் எல்லாரும் போகும்வரை வாயிற்படியருகே நின்றிருந்தார். பின்னர் உள்ளே வந்து, பட்டியலில் மற்றொரு மாணவனின் பெயரைத் தொட்டுக்காட்டி, “இந்தப் பையனுக்கும் எம்பையனுக்கும் அப்பா ஒருத்தருதானுங்க சார். பசங்களுக்குத் தெரியாதுங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா விடாதீங்க” என்றார்.

அவ்விரு மாணவர்களும் ஒரே பலகையில் அமர்பவர்கள். ஒருவன் கொண்டுவந்த சோற்றை மற்றவன் உண்பான். கணக்கில் ஒருவன் கெட்டி. மற்றவன் ஆங்கிலத்தில் கெட்டி. தந்தை பெயர் ஒன்றாக இருப்பதைப் பற்றி அவர்களே வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள். அது நம் ஊரில் பலருக்கும் உள்ள பெயர்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அன்று எனக்கு ஐயமே எழவில்லை. தாய் கேட்டுக்கொண்டார், குடும்ப மானம் காக்கப்பட வேண்டும். மறுநாளே ஒருவனை ‘ஆ’ பிரிவுக்கு மாற்றினேன். இருவரும் என் அறைக்கு வந்து, “ஐயா, நாங்கள் என்ன தப்புச் செய்தோம்?” என்று கேட்டனர். ஒழுங்குமுறைக்காக என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் அதனைத் தண்டனை என்றே கருதினர். யார்மேல் குற்றம் என்ற பேச்சு அவர்களுக்குள் எழுந்தது. ஆண்டு முடிவதற்குள் நட்பும் முடிந்தது.

பல ஆண்டுகள் சென்றன. நான் ஓய்வுபெற்ற பின்னர் அவர்களுள் ஒருவன், இப்பொழுது லாரித் தொழிலில் இருப்பவன், என் வீட்டுக்கு வந்தான். தந்தை இறந்துவிட்டார், சாவு வீட்டில்தான் இருவரும் உண்மையை அறிந்தனர், கொள்ளி வைப்பது யார் என்ற வழக்கில் இரு பக்கமாக நின்றனர். “அன்றே உங்களுக்குத் தெரியுமா, ஐயா?” என்று கேட்டான். தெரியும் என்றேன். சற்று நேரம் பேசாதிருந்து, “நீங்கள் எங்களைப் பிரிக்காமல் இருந்திருந்தால், அன்றைக்குப் பேசிக்கொள்வதற்குச் சினேகிதமாவது மிஞ்சியிருக்கும்” என்றான். அவன் அதனைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆயினும் நாற்பதாண்டுக் கல்விப் பணியில் எந்த மேலதிகாரியின் குறிப்பும் என்னை அவ்வாறு சுட்டதில்லை.

இரகசியங்களை எல்லாம் தெருவில் போட்டு உடையுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதை அந்தப் பிள்ளைகளிடம் சொல்லும் உரிமை எனக்கு இல்லை; அது தாய் தந்தையரின் உரிமை. ஆனால் அவர்களைப் பிரிக்காமல் இருக்கும் உரிமை எனக்கு இருந்தது. அந்த அம்மையாரிடம், “பிள்ளைகள் நண்பர்களாகவே இருக்கட்டும், அம்மா, என்றேனும் தெரியவரும்பொழுது அதுவே உதவும்” என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சட்டமும் இவ்வகையில் நம்மைவிட முன்சென்றிருக்கிறது. முதல் மனைவி இருக்க மறுமணம் செய்வதை 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் செல்லாதென்கிறது. எனினும் அத்தகைய திருமணத்தில் பிறந்த மக்களை முறையாகப் பிறந்தவர்களாகவே அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு கொள்கிறது. பெற்றோருக்கு மூதாதையர் சொத்தில் உரிய பங்கில் அம்மக்களுக்கும் உரிமை உண்டு என்று 2023ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. செய்தவர் பெரியவர், பிறந்தவர்மேல் பழி இல்லை என்பதே இதன் சாரம்.

தொடர்களில் இரகசியம் வெளிப்படுவதைக் கதாசிரியர் தள்ளிவைத்துக்கொண்டே போகிறார். அது அவர் தொழில். அபியும் ஆதித்யாவும் சிறு வயதிலேயே ஒருவரையொருவர் அறிந்து வளர்ந்திருந்தால் தொடர் நூறு நாளில் முடிந்திருக்கும். வீட்டில் தள்ளிவைக்கும் நமக்கோ அத்தகைய தேவை ஏதும் இல்லை. ஆகவே நேயர்களே, இன்றிரவு ஏதேனும் ஒரு தொடரைப் பார்த்து, இன்னும் ஏன் அவனிடம் சொல்லாமல் இருக்கிறாள் என்று நீங்கள் சலித்துக்கொள்ள நேர்ந்தால், அதே கேள்வியை ஒருமுறை உங்கள் வீட்டை நோக்கியும் கேட்டுப் பாருங்கள்.

அந்த மாணவனிடம் மற்றவனின் முகவரியைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இருவரையும் ஒரு நாள் என் வீட்டுக்கு உணவுக்கு அழைக்க எண்ணம். வருவார்களா என்பது தெரியாது. ஆனால் அழைப்பது என் கடமை.