யார் போய் எண்ணினார்கள்?

"நூறு பேர்ல ஒருத்தர் கைக்கு நாட்டு வருமானத்துல 22 சதவீதம் போகுதுன்னு பேப்பர்ல போட்டிருக்கே சார், யாரு வீடு வீடாப் போய் எண்ணினாங்க?" டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரத் தம்பி கேட்டார். அருமையான கேள்வி. வீடு வீடாகப் போனால் இந்தக் கணக்கு தேறாது என்பதிலிருந்துதான் பதிலைத் தொடங்க வேண்டும்.

மாதிரி ஆய்வுக்கு வருகிறவர்கள் நம் நாட்டில் பெரும்பாலும் செலவைத்தான் கேட்கிறார்கள். அரிசிக்கு எவ்வளவு, பாலுக்கு எவ்வளவு என்று. கோடிகளில் சம்பாதிப்பவர் வீட்டு வாசலைத் தாண்டுவதே கஷ்டம். அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர் என்பதால் மாதிரியில் சிக்குவதும் அபூர்வம். அதனால்தான் ஆய்வாளர்கள் வருமான வரிக் கணக்குப் பக்கம் திரும்பினார்கள். அமெரிக்காவில் சைமன் குஸ்நெட்ஸ் 1953-இல் இந்த வழியில் ஒரு நூலே வெளியிட்டார். இந்தியாவுக்கு அபிஜித் பானர்ஜியும் தாமஸ் பிக்கெட்டியும் 1922 முதலான வரி அட்டவணைகளை எடுத்துக்கொண்டு 2005-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள்.

ஆயிரம் பெரியவர்கள் உள்ள ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரின் ஆண்டு வருமானம் மொத்தம் 10 கோடி. வரி கட்டுகிறவர்கள் 50 பேர்தான். நூற்றில் ஒருவர் என்றால் இந்த ஐம்பதில் அல்ல, ஆயிரத்தில்; அதாவது உச்சியில் உள்ள 10 பேர். அந்தப் பத்துப் பேரின் வருமானத்தை வரிக் கணக்கிலிருந்து கூட்டினால் 2 கோடியே 20 லட்சம் வருகிறது. அதை ஊர் மொத்தத்தால் வகுத்தால் 22 சதவீதம். ஊர்ச் சராசரி ஒரு லட்சம், அவர்களின் சராசரி 22 லட்சம். சதவீதத்தைப் படிக்கும்போது இந்த 22 மடங்கையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அரசு ஆள்வாரியாகக் கணக்கு தருவதில்லை. இந்தத் தொகையிலிருந்து அந்தத் தொகை வரை இத்தனை பேர் என்றுதான் அட்டவணை இருக்கும். பத்தாவது ஆள் எந்தக் கோட்டில் நிற்கிறார் என்பதற்கு இத்தாலியரான பரேட்டோ கண்ட ஓர் ஒழுங்கு கைகொடுக்கிறது. 10 லட்சத்துக்கு மேல் வாங்குபவர்களின் சராசரி 20 லட்சம் என்றால், 20 லட்சத்துக்கு மேல் வாங்குபவர்களின் சராசரி சுமார் 40 லட்சமாக இருக்கும். உச்சியில் இந்த மடங்கு பெரிதாக மாறுவதில்லை.

ஓட்டைகளும் உண்டு. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. பங்கு விலை ஏறினாலும் விற்கும்வரை அது கணக்கில் ஏறாது. லாபத்தை முதலாளி கம்பெனிக்குள்ளேயே விட்டுவைத்தால் அவர் பெயரில் வருமானம் குறைவாகத் தெரியும். பிக்கெட்டியும் லூக்கா ஷான்செலும் போட்ட கணக்கில் அந்த ஒரு சதவீதத்தாரின் பங்கு 1930-களின் பிற்பகுதியில் 21 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் 6 சதவீதமாக இறங்கியது. இடையில் 1973-74-இல் உச்ச வரி விகிதம் 97.75 சதவீதம்; அவ்வளவு வரி என்றால் வருமானத்தை மறைக்கத் தோன்றும். இறக்கத்தில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஒளிப்பு? ஒளிப்பு இருந்திருக்கும். ஆனால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்ததை ஒளிப்பு ஒன்றாலேயே விளக்கிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. பிறகு அந்தப் பங்கு ஏறி, 2022-23-க்கு 22.6 சதவீதம் என்று 2024-இல் வந்த ஆய்வு சொல்கிறது.

எனக்கு ஆறாத வருத்தம் வேறொன்றில். 1999-2000-த்தோடு இந்த அட்டவணைகள் வெளிவருவது நின்றுபோனது. 2016-இல் மறுபடி வெளியிட்டபோதும் 2011-12 முதலான ஆண்டுகளுக்குத்தான் கிடைத்தன. ஐ.டி. கம்பெனிகள் வளர்ந்து, பங்குச் சந்தை பறந்து, நகரத்து நிலம் பொன்னாக மாறிய ஆண்டுகள்தான் இடையில் விடுபட்டவை. நம் காலத்தின் மிகப் பெரிய மாற்றத்தை அளக்க வேண்டிய நேரத்தில் அளவுகோல் பெட்டிக்குள் இருந்தது. அந்த இடைவெளியை இன்றைக்கும் ஊகத்தால்தான் நிரப்புகிறார்கள். யார் பெயரும் வேண்டாம், எண்கள் மட்டும் போதும். அதை ஆண்டுதோறும் தருவது அரசின் கடமை.

"அப்போ நான் எங்க சார் வர்றேன்?" என்றார் தம்பி.

வகுக்கும் எண்ணில். அவர் வருமான வரி கட்டுவதில்லை, ஆனால் அவர் ஓட்டும் ஒவ்வொரு சவாரியும் நாட்டின் மொத்த வருமானத்தில் சேர வேண்டியது. இந்த மாதிரித் தொழிலில் எத்தனை பேர், ஆளுக்குச் சராசரியாக எவ்வளவு என்று ஆய்வுகளை வைத்து மதிப்பிட்டுப் பெருக்கிச் சேர்க்கிறார்கள். அந்தச் சராசரியைக் கூடுதலாகப் போட்டுவிட்டால், மேலே உள்ளவரின் பங்கு காகிதத்தில் குறைந்துவிடும்.