குட்டியின் வட்டிலும் நாயின் எலும்பும்

மனிதக் குழந்தை தன் பிறப்பு எடையைப்போல் மூன்று மடங்கை எட்ட ஏறக்குறைய ஓர் ஆண்டு எடுத்துக்கொள்கிறது. பிறக்கும்போது 400 கிராம் அளவில் இருக்கும் லாப்ரடார் குட்டியோ அதே ஓராண்டுக்குள் 28 கிலோ அளவுக்கு, அதாவது எழுபது மடங்காக வளர்ந்துவிடுகிறது. ஆறு முதல் எட்டு வார வயதில் தாய்ப்பால் நின்றபின், இந்த வேகத்துக்கு வேண்டிய எரிபொருளும் கட்டுமானப் பொருளும் வளர்ப்பவர் வைக்கும் வட்டிலிலிருந்து மட்டுமே வந்தாக வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளில் இந்த வட்டில் பெரும்பாலும் இரண்டு வகையில் பிசகுகிறது. ஒரு பக்கம் பால்சோறும் தயிர்ச்சோறும் பிஸ்கட்டுமே முழு உணவாகிவிடுகின்றன. மறுபக்கம் விலையுயர்ந்த குட்டியுணவோடு கால்சியம் டானிக்கும் சேர்த்து வயிறு புடைக்கப் புகட்டப்படுகிறது. முன்னதில் எலும்புக்குப் பொருள் போதவில்லை. பின்னதில் அது மிகுந்து எலும்பு கோணுகிறது.

சோற்றை நாய்க்கு ஒவ்வாத உணவென்று ஒதுக்குவது சரியாகாது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட மரபணு ஆய்வில், மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் என்ற நொதியை உருவாக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளாகவும் நாயிடம் நான்கு முதல் முப்பது படிகள் வரையிலும் இருப்பது தெரியவந்தது. மனிதனோடு வாழத் தொடங்கிய விலங்கு, மனிதனின் தானியத்தையும் செரிக்கப் பழகிவிட்டது என்பதே இதன் பொருள். சிக்கல் செரிமானத்தில் இல்லை, சோற்றில் இல்லாதவற்றில் இருக்கிறது. வளரும் குட்டி உண்ணும் ஒவ்வொரு 1,000 கிலோ கலோரிக்கும் குறைந்தது 3 கிராம் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, தேவைப்படுகிறது. அதே 1,000 கிலோ கலோரியை வெறும் சோற்றிலிருந்து பெற முக்கால் கிலோவுக்கு மேல் சாப்பிட்டாலும், கிடைக்கும் கால்சியம் 0.1 கிராமைக்கூடத் தொடுவதில்லை. தயிரால் குறையை ஈடுகட்ட வேண்டுமானால் குட்டி நாளொன்றுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் தயிர் உண்ண வேண்டியிருக்கும்.

வேகவைத்த கோழிக்கறியைச் சேர்ப்பதாலும் கால்சியக் குறை தீர்வதில்லை. எலும்பில்லாத கறியில் புரதம் மிகுதி, ஆனால் கால்சியம் ஒரு பங்கென்றால் பாஸ்பரஸ் பதினைந்து பங்கு இருக்கிறது; குட்டியின் உடலுக்கு உகந்த விகிதமோ ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று வரை, அதுவும் கால்சியம் மிகுந்த பக்கமாக. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி, எலும்பைக் கரைத்தாவது அந்தக் குறையை நிரப்ப முற்படுவதால், நாள்தோறும் இறைச்சியைத் தின்று கொழுகொழுவென்றிருக்கும் குட்டி ஒருநாள் கட்டிலிலிருந்து குதித்ததற்கே கால் முறிந்து கிடப்பதுண்டு. வெயிலில் கட்டிவைத்தால் எலும்பு உறுதிப்படும் என்ற நம்பிக்கையும் நாய்க்குப் பொருந்தாது. மனிதத் தோல்போல் நாயின் தோல் வெயிலைக்கொண்டு போதுமான வைட்டமின் டி உண்டாக்குவதில்லை, எனவே அதுவும் உணவில் இருந்தே கிடைக்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்டவர் டானிக் பாட்டிலைத் தேடுவது இயல்பு; ஆனால் மறுபக்கத்துப் பிழை அங்கேதான் தொடங்குகிறது. வளர்ந்த நாயின் குடல், உணவில் கால்சியம் மிகும்போது உறிஞ்சும் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு இந்தக் கட்டுப்பாடு இன்னும் கைவராததால், வருவதில் பெரும்பகுதி உடலுக்குள் சென்று எலும்பில் படிந்து, குருத்தெலும்பு முறையாக எலும்பாக மாறும் போக்கைக் குலைக்கிறது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் கிரேட் டேன் குட்டிகளைக் கொண்டு 1980களில் நடந்த ஆய்வுகள், கால்சியம் மிகுந்த உணவுண்ட குட்டிகளிடம் இத்தகைய எலும்புக் கோளாறுகளைக் காட்டின. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் சார்ந்த குழு அதற்கு முன்பே, 1974இல், வேண்டுமட்டும் உண்ணவிடப்பட்ட கிரேட் டேன் குட்டிகளின் எலும்புகளும் மூட்டுகளும் அளவோடு உண்டவற்றைவிடக் கெட்டிருந்ததைப் பதிவு செய்திருந்தது. நிறைசத்து உணவென்று குறிக்கப்பட்ட குட்டியுணவை உண்ணும் பெரிய இனக் குட்டிக்குத் தனியாகக் கால்சியம் டானிக் ஊற்றுவது, மருத்துவர் காரணம் கூறி எழுதித் தந்தாலன்றி, காசு கொடுத்து வாங்கும் தீங்கு.

ஆகவே, பையின் முன்பக்கத்துப் படத்தைவிடப் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளே முக்கியம். வளர்ச்சிக்காலத்துக்கு அல்லது எல்லா வயதுக்கும் நிறைசத்து கொண்டது என்ற குறிப்பு அங்கே இருக்க வேண்டும். ஆஃப்கோ என்று சுருக்கமாக வழங்கும் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சங்கத்தின் வரையறை, நீர் நீங்கிய உணவில் குட்டிக்கு 22.5 விழுக்காடு புரதமும் 8.5 விழுக்காடு கொழுப்பும் குறைந்த அளவாகக் கேட்கிறது. வளர்ந்தபின் சுமார் 32 கிலோவைத் தாண்டக்கூடிய இனங்களுக்குக் கால்சியம் 1.2 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 1.8 விழுக்காட்டுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்கிறது. நீர் நீங்கிய என்ற சொல்லைக் கவனிக்காதவர் எளிதில் ஏமாறுவார். 8 விழுக்காடு புரதம் என்று காட்டும் டப்பா உணவில் 78 விழுக்காடு நீரானால், மீதமுள்ள 22 பங்கில் 8 பங்கு புரதம், அதாவது 36 விழுக்காடு. 24 விழுக்காடு என்று பெருமையாக அச்சிட்ட உலர் உணவோ, 10 விழுக்காடு நீரைக் கழித்தால் 27 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. வீட்டிலேயே சமைத்துத் தர விரும்புவோர், கால்நடை மருத்துவர் வகுத்துத் தரும் அளவுகளையும் தாதுஉப்புக் கலவையையும் தவறாமல் பின்பற்ற வேண்டும். கைக்கு வந்தபடி கலக்கும் சமையல் வளர்ந்த நாயைப் பல மாதம் தாங்கலாம், குட்டியைத் தாங்காது.

அளவைக் கணக்கிட ஒரு கைக்கணக்கு உண்டு. குட்டியின் எடையைக் கிலோவில் எடுத்து, அதை அதனாலேயே இருமுறை பெருக்கி, விடைக்கு இருமுறை வர்க்கமூலம் கண்டு, 70ஆல் பெருக்கினால், உடல் ஓய்வாக இருக்கும்போது ஒரு நாளுக்குத் தேவைப்படும் கிலோ கலோரி கிடைக்கும்; நான்கு மாத வயது வரை அதன் மூன்று மடங்கும், அதன்பின் இரண்டு மடங்கும் தொடக்க அளவாகக் கொள்ளப்படுகின்றன. 10 கிலோ எடையுள்ள மூன்று மாத லாப்ரடார் குட்டிக்கு ஓய்வுத் தேவை 394, ஆகவே நாளுக்கு ஏறத்தாழ 1,180 கிலோ கலோரி; கிலோவுக்கு 3,600 கிலோ கலோரி தரும் உலர் உணவில் இது 330 கிராமை ஒட்டி வரும். அதே குட்டி நான்கு மாதம் கடந்து 15 கிலோவை எட்டும்போது கணக்கு 1,067 கிலோ கலோரி, சுமார் 300 கிராம் என்றே விடை தருகிறது. உடல் ஒன்றரை மடங்காகியும் உணவு ஏறாமல் நிற்பது பலருக்கு நம்ப முடியாததாகத் தோன்றும். வளர்ச்சி வேகம் தணியத் தணிய, ஒவ்வொரு கிலோ உடலும் கேட்கும் உணவு குறைந்துகொண்டே வருவதுதான் காரணம். மூன்று மடங்கிலிருந்து இரண்டுக்கு இறங்குவது ஒரே நாளில் நிகழ்வதில்லை; சில வாரங்களில் படிப்படியாக நிகழ்கிறது. இந்த எண்களைச் சமையலறைத் தராசில் நிறுத்தே அளக்க வேண்டும், ஏனெனில் கைப்பிடியும் டம்ளரும் ஆளுக்கு ஆள் மாறும்.

கணக்கு தொடக்கத்துக்கு மட்டுமே. அதைத் திருத்துவது உள்ளங்கை. விலாவின் மீது கையை வைத்துத் தடவினால் எலும்புகள் மெல்லிய சதைக்கு அடியில் எளிதாகத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின் இடை ஒடுங்கித் தெரிய வேண்டும். அழுத்தித் தேடினால்தான் விலா கிடைக்குமென்றால் உணவைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து இரண்டு வாரம் பார்க்கலாம். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்கு விலா சற்றே கண்ணுக்குத் தெரிவதுதான் இயல்பு. பட்டினி கிடக்கிறதே என்று அக்கம்பக்கத்தார் இரங்குவதைக் கேட்டு அவற்றைக் கொழுக்க வைப்பது அந்த உடலமைப்புக்கே எதிரானது. லாப்ரடாரின் கெஞ்சும் பார்வையையும் பசியென்று எடுத்துக்கொள்ள முடியாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டபடி, ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரிடம், உண்டது போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஏற்பாட்டைச் சேர்ந்த மரபணு சிதைந்திருக்கிறது. இதே இனத்தின் 48 நாய்களை எட்டு வார வயது முதல் வாழ்நாள் முழுதும் கண்காணித்து 2002இல் வெளியான ஆய்வில், தமக்கு இணையாக வைத்து ஒப்பிடப்பட்ட நாய்களைவிடக் கால்பங்கு குறைவாக உண்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள், மூட்டுத் தேய்மானமும் முன்னவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

நாளுக்குரிய உணவை மூன்று மாதம் வரை நான்கு வேளையாகவும், ஆறு மாதம் வரை மூன்று வேளையாகவும், அதன்பின் இரு வேளையாகவும் பிரிக்கலாம். மிகச் சிறிய இனக் குட்டிகள் நெடுநேரம் பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரை சரிந்து மயங்கக்கூடும். இடைத் தீனி மொத்தக் கலோரியில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது: 2 கிலோ பக் குட்டிக்கு அந்த வரம்பு 35 கிலோ கலோரி மட்டுமே, மாரி பிஸ்கட் ஒன்றோ ஏறத்தாழ 25. சாம்பாரின் வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; பாயசத்தின் உலர்திராட்சை சிறுநீரகத்தைத் தாக்கும்; சாக்லேட்டும், சர்க்கரையில்லா இனிப்புகளில் சேரும் சைலிட்டாலும் உயிருக்கே ஆபத்து; வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். ஓர் உணவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஒரு வாரம் இரண்டையும் கலந்து, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டினால் வயிற்றுப்போக்கு தவிர்க்கப்படும்.

குட்டியுணவை நிறுத்தும் நாளை இனத்தின் வளர்ச்சியே முடிவு செய்கிறது: பக், பொமரேனியன் போன்ற சிறியவற்றுக்கு ஒன்பது மாதம் முதல் ஓராண்டுக்குள், லாப்ரடாருக்கு ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுக்குள், கிரேட் டேனுக்கு இரண்டு ஆண்டு வரை. இடையில் கருத்தடை அறுவை நடந்தால் ஆற்றல் தேவை இறங்குவதோடு பசியும் ஏறுவதால், தையல் பிரித்த வாரத்திலேயே தராசின் எண்ணை மறுபடியும் குறைத்து எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.