தலைகீழாகத் தொங்கும் பாவாடை!

பிள்ளைகளே, பள்ளி ஆண்டு விழாவில் நடனம் ஆடியிருக்கிறீர்களா? மேடை ஏற ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் யாருக்காவது பாவாடை நாடா அறுந்துபோகும். "டீச்சர், ஊக்கு இருக்கா?" என்று ஓடி வருவார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் ஆண்டு விழா அன்று என் புடவைத் தலைப்பில் பத்து ஊக்காவது குத்தி வைத்திருப்பேன்.

ஆனால், ஐரோப்பாவில் பிறந்த பாலே நடனத்தில் ஊக்கை நம்ப முடியாது. பாலே ஆடும் பெண் கால் விரல் நுனியில் நின்று பம்பரம் போலச் சுழல்வாள். உடன் ஆடுபவர் அவளை இடுப்பைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்குவார். அந்த நேரத்தில் ஊக்கு குத்தினால் என்ன ஆகும்? அதனால் அவர் கை படும் இடத்தில் சம்கி, மணிகூடத் தைக்க மாட்டார்கள்.

பாலே படங்களில், இடுப்பைச் சுற்றித் தட்டு போல விரிந்து நிற்கும் குட்டைப் பாவாடையைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு 'டூட்டு' என்று பெயர். அது எப்படி மடங்காமல் நிற்கிறது? விறைப்பான வலைத்துணியைச் சுருக்கம் வைத்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு அடுக்குகள் தைப்பார்கள். அடியில் இருப்பது மிகவும் குட்டை. மேலே போகப் போக ஒவ்வொன்றும் கொஞ்சம் நீளம். கீழ் அடுக்கு மேல் அடுக்கைத் தாங்கிக்கொள்ளும். பிறகு எல்லா அடுக்குகளையும் கையால் தொளதொளவென்று தையல் போட்டு இணைப்பார்கள். இறுக்கித் தைத்தால் துள்ளல் போய்விடுமே! ஒரு டூட்டு தைக்கப் பல நாட்கள் பிடிக்கும்.

ஆரம்பத்தில் இந்தப் பாவாடை இவ்வளவு குட்டையாக இல்லை. 1832-ல் பாரிஸ் நகரில் மேரி டாக்லியோனி என்ற புகழ்பெற்ற நடனமணி, மணி போல விரிந்த நீண்ட வெள்ளை உடையில் ஆடினார். காற்றில் மிதப்பது போன்ற மெல்லிய துணி. பார்ப்பவர்கள் சொக்கிப்போனார்கள். ஆனால், அப்போது மேடையில் மின்விளக்கு கிடையாது. எரிவாயு விளக்குகள்தான். மெல்லிய துணிக்குப் பக்கத்திலேயே நெருப்பு!

டாக்லியோனியிடம் பாடம் கற்ற இளம்பெண் எம்மா லிவ்ரி. 1860-ல் 'பட்டாம்பூச்சி' என்ற பாலேயில் அவர்தான் கதாநாயகி. தீப்பந்தத்தின் சுடரில் சிறகு கருகும் பட்டாம்பூச்சியாக ஆடினார். அந்தக் காலத்திலேயே, தீப்பிடிக்காமல் இருக்க உடைகளை ஒரு ரசாயனக் கரைசலில் முக்கி எடுக்கும் முறை வந்திருந்தது. அப்படிச் செய்தால் துணி விறைத்துவிடும், வெண்மையும் மங்கிவிடும். எம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பொறுப்பு தன்னுடையதே என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய உடையிலேயே ஆடினார்.

1862 நவம்பரில், ஓர் ஒத்திகையின்போது விளக்கின் சுடர் அவர் பாவாடையில் பற்றிக்கொண்டது. எட்டு மாதம் போராடி, 1863 ஜூலையில் இறந்துபோனார். வயது இருபதுதான். அந்த உடையின் கருகிய துண்டுகள் ஒரு சிறிய பெட்டிக்குள் பாரிஸ் ஆப்பெரா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. அந்தச் சிறு பெண் மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. ஆடுவதற்கு வசதியாகவும் அழகாகவும் இருக்கிற, தீயும் பிடிக்காத துணியை அன்றைக்கு யாரும் அவருக்குக் கொடுக்கவில்லையே!

பின்னாளில் மின்விளக்கு வந்தது. இப்போது உடைக் காப்பாளர்களின் பெரிய எதிரி வியர்வை. தண்ணீரில் அலசினால் வலைத்துணி தொய்ந்துவிடும். அதனால் உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் வியர்வை பட்ட இடத்தில் வோட்கா தெளிக்கிறவர்களும் உண்டு. ஆமாம், மதுபானம்தான்! குடிக்க அல்ல. அதிலுள்ள ஆல்கஹால், நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளைக் கொன்றுவிட்டு, சட்டென்று ஆவியாகிவிடும்.

டூட்டுவை நாம் சட்டை மாட்டுவது போல மாட்டினால், அடுக்குகள் தம் எடையாலேயே கீழே தொங்கிவிடும். அதனால் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். விரித்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைப்பதும் உண்டு, தோசைக்கல்லில் இருந்து எடுத்த தோசை மாதிரி!

முதுகுப் பக்கம் ஜிப் இருக்காது. ஜிப் ஓர் இடத்தில் விட்டால் முழுவதும் பிளந்துவிடும். கொக்கி ஒன்று போனாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். அந்தக் கொக்கிகளை மாட்ட இரண்டு மூன்று வரிசை வளையங்கள் தைத்திருப்பார்கள். ஒல்லியான பெண்ணுக்கு உள்வரிசை, சற்றுப் பருமனான பெண்ணுக்கு வெளிவரிசை. ஏனென்றால், ஒரே உடையைப் பல ஆண்டுகளுக்குப் பலர் மாறி மாறி அணிகிறார்கள். பல குழுக்களில், அணிந்தவரின் பெயரை எழுதிய சிறு நாடாவை உள்பக்கம் தைத்துவிடுவார்கள். புதிதாக வரும் பெண் உடையைத் திருப்பிப் பார்த்தால், தனக்கு முன் அதில் ஆடிய அக்காக்களின் பெயர்களைப் படிக்கலாம். அடுத்த நாடா அவளுடையது.