எண்ணிக்கை தெரியாத வெள்ளிக் காசுகள்

1934இல் இங்கிலாந்து நாணயச்சாலை அடித்த வெள்ளிக் கிரவுன்கள் வெறும் 932. பரிசளிப்பதற்கென்றே அடித்தவை என்பதால் அவை அதிகம் புழங்கவில்லை. 1905ஆம் ஆண்டின் அரைக் கிரவுன்கள் 1,66,008. ஆனாலும் அவற்றில் தேயாத ஒன்றைக் கண்ணில் பார்ப்பது அபூர்வம். அடித்தது எத்தனை என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சம் எத்தனை என்று சொல்லிவிட முடியாது. 1696லும் 1816லும் நடந்த மறுவார்ப்புகளில் பழைய வெள்ளி மூட்டை மூட்டையாக உலைக்குப் போனது.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பென்னிகளுக்கோ அடித்த கணக்கே கிடையாது. அதனால் ஆய்வாளர்கள் அச்சுகளை ஒப்பிடுகிறார்கள். கிடைத்த காசுகளில் ஒரே அச்சு திரும்பத் திரும்பத் தென்பட்டால், மொத்த அச்சுகளே சிலதான் என்று பொருள். ஒவ்வொரு காசும் புது அச்சாக இருந்தால், நம் கைக்கு வந்தது சொற்பம். மண்ணிலிருந்து வரும் காசுகளை மறைத்தால் இந்தக் கணக்கு பிழையாகிவிடும்.

2015இல் நடந்ததைப் பாருங்கள். ஆல்ஃபிரட் மன்னரும் மெர்சியாவின் இரண்டாம் சியோல்வுல்ஃபும் வெளியிட்ட ‘இரு பேரரசர்’ பென்னிகளில் அதுவரை ஆளுக்கு ஒன்றாக இரண்டே கிடைத்திருந்தன. ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் வாட்லிங்டனில் மெட்டல் டிடெக்டரோடு தேடிய ஒருவர் முறைப்படி அறிவித்த புதையலில் மட்டும் 13 இருந்தன. வைகிங்குகளின் கைப்பாவை என்று பழைய ஆண்டுக்குறிப்பு இகழ்ந்த சியோல்வுல்ஃப், ஆல்ஃபிரடுக்குச் சமமான கூட்டாளியாக நின்றது அப்போதுதான் உறுதிப்பட்டது.

அதே ஆண்டு ஹெரிஃபோர்டுஷயரில் மெட்டல் டிடெக்டரோடு போன இருவர், தோண்டியதை அறிவிக்காமல் விற்கத் தொடங்கினார்கள். செல்போனில் அழித்த படங்களைக் காவல்துறை மீட்டபோது, சுமார் 300 காசுகள் இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. பெரும்பகுதி இன்னும் வெளியே வரவில்லை. அந்தக் குவியலில் எந்த அச்சு எத்தனை முறை வந்தது, எந்த மன்னரின் காசு எத்தனை என்பதெல்லாம் அவற்றோடு போய்விட்டது.

டிடெக்டர்காரர்கள் இல்லாவிட்டால் வாட்லிங்டனும் இல்லை என்கிறார்கள், உண்மைதான். ஆனால் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் கேட்பது பெரிதல்ல. 14 நாட்களுக்குள் அறிவித்தால் போதும். அருங்காட்சியகம் வாங்கினால் கண்டெடுத்தவருக்கும் நிலக்காரருக்கும் சன்மானம் உண்டு. திருட்டுக் காசு விற்பது வாங்க ஆள் இருப்பதால்தான். எங்கே கிடைத்தது, எப்போது அறிவித்தார்கள் என்பதற்குப் பதில் இல்லாத பென்னியை, எவ்வளவு அபூர்வமானதாக இருந்தாலும், சேகரிப்பாளர்கள் தொடவே கூடாது.