கரிசல் புழுதியில் பிஸ்டலுக்கு எந்த எண்ணெய்?

தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டது; வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. அந்த இரண்டரை மாதமும் துப்பாக்கி உரிமையாளர் கைக்கு எட்டாது. துடைக்க முடியாது, எண்ணெய் போட முடியாது. கொடுக்கும் அன்று மேலே என்ன பூசியிருந்தோமோ அதுதான் திரும்பி வரும்வரை காவல். திருவேங்கடத்திலும் சுற்றுப்பட்டிகளிலும் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் மிகச் சிலர்தான். ஆனாலும் எந்த எண்ணெய் என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்று கரிசல் புழுதியை வாரி இறைக்கும். ஐப்பசி வந்தால் வீட்டுக்குள்ளேயே ஈரம் நசநசக்கும். இந்த இரண்டுக்கும் ஒரே விதமாக எண்ணெய் போட்டால் சரிவராது.

முதலில் எங்கே உராய்கிறது என்று பார்ப்போம். தானியங்கிப் பிஸ்டலின் மேல்பாகத்தை ஸ்லைடு என்பார்கள். சுட்டதும் அது பின்னால் ஓடி, காலித் தோட்டாவை வெளியே எறிந்து, ஸ்பிரிங் தள்ள முன்னால் வந்து அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். இந்த அமைப்பை வளர்த்தெடுத்தவர் அமெரிக்கரான ஜான் பிரௌனிங். 1911-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட வாஞ்சிநாதன் பயன்படுத்தியது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். இஷாப்பூர் ஆலையில் தயாராகி நம் படைகளிடமும் காவல் துறையிடமும் இருக்கும் 9 மில்லிமீட்டர் பிஸ்டலும் பிரௌனிங் தொடங்கிவைத்து, அவர் காலத்துக்குப் பின் 1935-இல் முடிந்த வடிவத்தின் வழிவந்ததுதான். பொதுமக்களுக்கு அந்த 9 மில்லிமீட்டர் கிடைக்காது. உரிமத்தில் வாங்கக்கூடியது பாயின்ட் 32 போன்றவை. எதுவானாலும் எஃகின் மேல் எஃகு ஓடுகிறது.

ஸ்லைடைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் உராயும் இடம் தானாகத் தெரியும். கருப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளி போல மின்னும் கோடுகள் இருக்கும்: ஸ்லைடு ஓடும் தடங்கள், பேரலின் வெளிப்புறம் வாய் அருகே, பேரலின் அடியில் இருக்கும் முட்டு. எண்ணெய் கேட்பது அந்த மின்னும் இடங்கள்தான். தடம் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டு விரலால் நீவி, ஸ்லைடை மாட்டி நாலைந்து தரம் இழுத்துவிட்டால் போதும். ஓரத்தில் கசிந்து வந்தால் அது அதிகம், துடைத்துவிட வேண்டும். தோட்டா உட்காரும் அறை, மேகசின், சுடும் ஊசி ஓடும் துளை ஆகிய மூன்றிலும் எண்ணெய் கூடாது. ஊசித் துளையில் எண்ணெய் தேங்கினால் கரியும் தூசியும் சேர்ந்து குழம்பாகி ஊசியின் ஓட்டத்தைத் தடுக்கும். எண்ணெய் ஊறிய தோட்டா வெடிக்காமலே போகலாம்.

எண்ணெய்க்கு இரண்டு வேலை: வழுக்க வைப்பது, துருவைத் தடுப்பது. ஒன்றில் கெட்டிக்கார எண்ணெய் இன்னொன்றில் சோப்ளாங்கியாக இருக்கலாம். இதை யோசிக்காமல் வாங்குவதால்தான் பணமும் போய்ப் பொருளும் கெடுகிறது.

வீட்டில் முதலில் கைக்கு வருவது தேங்காய் எண்ணெய். வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும். மார்கழி விடியலில் பாட்டிலைப் பார்த்தாலே தெரியும். நாள்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும்போது அதில் அமிலம் கூடியிருக்கிறது, அது பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், காற்றுப்பட்டுப் பிசினாக இறுகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் இவற்றைவிட எவ்வளவோ மேல். அது சுத்தமான, மெல்லிய கனிம எண்ணெய், நன்றாக வழுக்கும். சங்கரன்கோவில் விசைத்தறிகளில் புழங்கும் லேசான எண்ணெயும் ஏறக்குறைய இந்த ரகம்தான். தினமும் ஓடுகிற, தினமும் எண்ணெய் காட்டுகிற இயந்திரத்துக்கு அது சரி. மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடக்கும் பிஸ்டலில் அது வடிந்து, மேலே வெறும் இரும்பு மிஞ்சும். புது என்ஜின் ஆயில் அவசரத்துக்குப் பரவாயில்லை. வண்டியிலிருந்து வடித்த ஆயிலைத் தொடவே கூடாது, அதில் அமிலமும் கரியும் உலோகப் பொடியும் கலந்திருக்கும்.

டபிள்யூ.டி-40 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எல்லோரும் அதைத்தான் தேடுகிறார்கள். 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், நீரை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கியது அது. மழையில் நனைந்த துப்பாக்கியிலிருந்து ஈரத்தை எடுக்க அருமையான சாமான். ஆனால் அதில் பெரும்பங்கு ஆவியாகிவிடும். மிஞ்சும் படலம் மிக மெல்லியது. அதை அடித்துத் துடைத்தபின் உண்மையான எண்ணெய் போட்டால்தான் வேலை முடிந்தது.

ஆயுதக் கடையில் கேட்டு வாங்க வேண்டியது துரு தடுக்கும் மருந்து கலந்த துப்பாக்கி எண்ணெய். சுத்தம் செய்ய, வழுக்க, காக்க என மூன்றுக்கும் சேர்த்துச் செய்த எண்ணெயை சி.எல்.பி. என்பார்கள், அமெரிக்க ராணுவம் அதற்குத் தனி தர விதியே வைத்திருக்கிறது. சிலவற்றில் திடத் துகள் அடியில் தங்கும் என்பதால் பாட்டிலைக் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும். இந்த ஊருக்கு ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கிரீஸ்? கோடை வெயிலில் எண்ணெய் இளகி ஓடும், கிரீஸ் இருந்த இடத்தில் இருக்கும். அது உண்மை. ஆனால் ஆடிக் காற்றில் அதுவே வம்பு. கரிசல் புழுதியோடு பறந்து வரும் மணல் துகள் எஃகையே கீறக்கூடியது. கிரீஸில் அது ஒட்டினால் வால்வு தேய்க்கும் பேஸ்ட் மாதிரி தடத்தை அரைத்துவிடும். புழுதிக் காலத்தில் எண்ணெயே போதும், அதுவும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு.

நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, நீங்களே பார்க்கலாம். பளபளக்கும் இரும்பு ஆணிகளைத் துடைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு எண்ணெயைத் தடவி, அடைமழைக் காலத்தில் தாழ்வாரத்தில் நூலில் தொங்கவிடுங்கள். எந்த எண்ணெய் காக்கிறது என்பதைச் சில வாரங்களில் ஆணியே சொல்லிவிடும்.

துருவுக்கு இன்னொரு காரணமும் உண்டு, தீப்பெட்டித் தொழில் தெரிந்த இந்தப் பக்கத்தவர்களுக்கு உடனே புரியும். தீக்குச்சி மருந்தில் சேரும் பொட்டாசியம் குளோரேட் பழைய ரகத் தோட்டாக்களின் வெடிமூடியிலும் உண்டு. அது எரிந்தால் பொட்டாசியம் குளோரைடாக மாறும். அதுவும் ஓர் உப்புதான். காற்றின் ஈரத்தை இழுத்துப் பேரலின் உட்புறத்தைத் தின்னும். உப்பு எண்ணெயில் கரையாது. அப்படிப்பட்ட தோட்டாவைச் சுட்டிருந்தால் முதலில் வெந்நீரால் கழுவி, சொட்டு ஈரமில்லாமல் உலர்த்தி, பிறகுதான் எண்ணெய்.

துடைக்கப் பழைய வேட்டித் துணி நல்லது. பஞ்சு பிரியும் துணி வேண்டாம். இழை தடத்தில் சிக்கும். வேலை தொடங்குமுன் மேகசினை உருவி, ஸ்லைடை இழுத்து, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

ஒப்படைக்கப் போகும்போது மட்டும் அளவு மாறும். உள்ளும் புறமும், பேரல் துளைக்குள்ளும் எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகவே பூசலாம். இப்போது அது ஓட வேண்டியதில்லை, துருப்பிடிக்காமல் இருந்தால் போதும். தோல் உறையில் போட்டுக் கொடுக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் இரும்பைக் கடிக்கும். எண்ணெய் தோய்த்த துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். திரும்ப வாங்கியதும் முதல் வேலை, பேரல் துளைக்குள் உலர்ந்த துணியை விட்டு எண்ணெய் முழுவதையும் எடுத்துவிடுவது. துளையில் எண்ணெய் தேங்கியிருக்கச் சுட்டால் அழுத்தம் ஏறிப் பேரலே சேதமாகலாம்.