மணிமாலை: நகையா, வழிபாட்டுப் பொருளா?



பள்ளிப் பிள்ளைகளோடு பினாங்குக்குச் சுற்றுலா போயிருந்தோம். ஆயர் ஈத்தாம் கெக் லோக் சி கோயிலுக்கு ஏறும் வழியில், ஒரு கடையில் மணிமாலைகள் தொங்கின. "சார், இதை அழகுக்குப் போடுறதா, சாமி கும்பிடவா?" என்று ஒரு மாணவி கேட்டாள். இரண்டுக்கும்தான் என்றோம்.

பௌத்தர்களின் ஜெபமாலையில் 108 மணிகள். முடியும் இடத்தில் பெரிய மணி ஒன்று. புத்தரின் பெயரை ஒருமுறை சொல்லி ஒரு மணியைத் தள்ளுவார்கள். எண்ணுகிற வேலையை விரல் பார்த்துக்கொள்ளும்; மனம் பெயரில் நிற்கும். பெரிய மணி வந்தால் ஒரு சுற்று முடிந்தது.

ஏன் 108? சொல்லப்படும் காரணங்களில் ஒன்றைக் கணக்காகவே போடலாம். கண், காது, மூக்கு, நாக்கு, உடல், மனம் என ஆறு. ஒவ்வொன்றிலும் இன்பம், துன்பம், இரண்டுமற்ற நிலை; ஆக 18. பற்றோடு, பற்றில்லாமல் என இரு வகை, 36. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம்; 108. மனிதனை அலைக்கழிக்கும் உணர்வுகள் இத்தனை என்பது கருத்து. சிறிய மாலைகளில் 54, 27, 18 மணிகள் இருக்கும். எல்லாம் 108ஐ மீதியின்றி வகுக்கும் எண்களே.

சீனாவை 1912 வரை ஆண்ட சிங் அரசர்கள் காலத்தில், உயர் அதிகாரிகள் அரசவை உடையோடு 108 மணிமாலை அணிந்தார்கள். பவளமும் அம்பரும் கோத்த அந்த மாலை பதவிக்கு அடையாளம். வழிபாட்டு மாலை அங்கே நகையும் ஆயிற்று.

நம் உருத்திராட்ச மாலைக்கும் 108 மணிதான். முஸ்லிம்களின் தஸ்பீஹில் 99 அல்லது 33. அழகுக்காக அணிந்தாலும், அடுத்தவர் கும்பிடும் பொருள் என்பதை மறக்கலாகாது. தரையில் எறிவதும் மிதிப்பதும் தவறு.

ஊர் திரும்பியபின், அந்த மாணவி வேலியில் குன்றிமணி பறித்து, ஊசியால் குத்தி மாலை கோக்க உட்கார்ந்துவிட்டாள். உடனே தடுத்தோம். கறுப்புக் கண்ணுள்ள அந்தச் சிவப்பு விதை கொடிய நஞ்சு. ஓடு கெட்டி, ஆனால் துளைத்தாலோ கடித்தாலோ நஞ்சு வெளிப்படும். பிள்ளை கடித்து விழுங்கிவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திராதீர்கள். பல மணி நேரம் கழித்தே நோய் தெரியலாம். அந்த விதை ஒன்றையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மாலை கோக்க ஆசையா? வண்ணக் காகிதத்தைச் சுருட்டி ஒட்டினால் அழகான மணி கிடைக்கும். 108 கோத்து முடிப்பதற்குள் வாய்ப்பாடும் வந்துவிடும்.